ஜப்பானில் டெபிட் கார்டு: கணக்கிலிருந்து பணம் இரண்டு தடவை போவது ஏன்?

2024-ல் ஜப்பானியரின் தனிநபர் செலவில் 42.8 சதவீதம் ரொக்கமில்லாமல் நடந்தது. அதில் டெபிட் கார்டின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். பெரும்பங்கு கிரெடிட் கார்டுக்கு. அந்தப் பழக்கத்தோடேயே டெபிட்டைத் தேய்ப்பதால்தான் பாதிக் குழப்பம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கே டெபிட் இரண்டு வகை. 2000 மார்ச்சில் முழு அளவில் வந்த ஜே-டெபிட், ஏடிஎம்மில் போடும் அதே கேஷ் கார்டில் ஓடுவது, கடையில் நான்கு இலக்க ரகசிய எண்ணை அழுத்த வேண்டும், வெளிநாட்டில் செல்லாது. மற்றது விசா, ஜேசிபி முத்திரையோடு வருவது. 16 இலக்க எண் இருக்கும், ஆன்லைனிலும் வெளிநாட்டிலும் செல்லும்.

விசா டெபிட்டை நீட்டி "டெபிட்டோ தே" (டெபிட்டில்) என்று சொல்வது மிகச் சாதாரணமான தவறு. சொன்னவர் நினைத்தது விசா. கல்லாவில் இருப்பவர் அழுத்துவது ஜே-டெபிட் பொத்தான். கார்டு மறுக்கப்படும். ஒரே அட்டையில் இரண்டும் இருந்தால் ஜே-டெபிட்டாகவே பணம் போய்விடும். விசாவுக்கான சலுகைப் புள்ளி கிடைக்காது. "விசா தே" என்றோ "கார்டோ தே" என்றோ சொல்லுங்கள். எத்தனை தவணை என்று கேட்டால் "இக்காய் பராய்", அதாவது ஒரே தவணை. டெபிட்டில் தவணையோ, மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் கட்டும் ரிவால்விங்கோ கிடையாது.

அதிகம் தவிக்க வைப்பது இரட்டைப் பிடித்தம். கிரெடிட் கார்டில் கடை அனுமதி கேட்கும்போது வரம்பு மட்டும் குறையும். டெபிட்டில் அந்த நொடியே கணக்கிலிருந்து பணம் போகும். விற்பனை உறுதித் தகவல் பிறகுதான் வங்கிக்கு வரும். வந்ததும் அனுமதி எண், தொகை இரண்டையும் வைத்துப் பழைய பிடித்தத்தோடு பொருத்துவார்கள். பொருந்தாவிட்டால் அது புதுக் கொள்முதல் என்றே கணக்காகும்.

12,000 யெனுக்கு ஆர்டர் போட்டதை ஆன்லைன் கடை 5,000, 7,000 என்று இரண்டு பார்சலாக அனுப்புகிறது என்று வையுங்கள். ஆர்டர் அன்று 12,000 போயிருக்கும். பார்சல்கள் கிளம்பும்போது 5,000-மும் 7,000-மும் தனியே போகலாம். ஆக 24,000. முதல் 12,000 திரும்பி வரும், ஆனால் பல வாரம் ஆகலாம். இதற்கிடையே 27-ம் தேதி கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் கட்டணம் இருந்தால், இருப்பு போதாமல் அது தவறிவிடும்.

பதறி ஆர்டரை ரத்து செய்து மறுபடி போடாதீர்கள். மூன்றாவது பிடித்தம்தான் சேரும். வங்கி ஆப்பில் அந்த வரியின் அனுமதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த அனுமதியை ரத்து செய்யச் சொல்லிக் கடையிடம் கேளுங்கள். பிறகு வங்கியை அழையுங்கள். முன்பதிவுப் பொருள், ஹோட்டல் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். சுயசேவை பெட்ரோல் நிலையம் எண்ணெய் ஊற்றும் முன்பே ஒரு பெரிய தொகைக்கு அனுமதி கேட்கும். அதனாலேயே பல இடங்களில் டெபிட்டை ஏற்பதில்லை. இப்படிச் செலவுகள் வரும் கணக்கில் பில் தொகையின் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

"இருப்பில் உள்ளதுதான் போகும், கடன் ஆகாது" என்ற நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. "சோகோ கோஸா" எனும் ஒருங்கிணைந்த கணக்கில் நிரந்தர வைப்பும் இருந்தால், சாதாரண இருப்பு தீர்ந்ததும் அந்த வைப்பை ஈடாக வைத்து வங்கி தானாகக் கடன் கொடுக்கும். பல வங்கிகளில் வைப்பின் 90 சதவீதம் வரை. டெபிட் செலவுக்கும் இது பொருந்துமா என்பது வங்கிக்கு வங்கி மாறும், விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் கடையில் யெனில் கட்டவா, உள்ளூர் நாணயத்திலா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர் நாணயமே மேல். உறுதித் தகவல் வரும் நாளில் மாற்று விகிதம் மாறியிருந்தால் வித்தியாசம் பின்னால் பிடிக்கப்படலாம்.

ரகசிய எண்ணாகப் பிறந்தநாளை வைப்பதை இன்றே மாற்றுங்கள். 2006 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வைப்பாளர் பாதுகாப்புச் சட்டம், திருட்டு கார்டில் ஏடிஎம் வழியாகப் போன பணத்துக்கு இழப்பீடு தரும். வைப்பாளரிடம் கவனக்குறைவு இருந்தால் அது 75 சதவீதமாகக் குறையும், எண்ணைக் கார்டிலேயே எழுதி வைத்தது போன்ற பெருந்தவறு என்றால் ஒன்றுமே கிடைக்காது. கடையிலும் ஆன்லைனிலும் நடந்த மோசடிக்கு வங்கியின் ஒப்பந்த விதிகளே பேசும். அவற்றில் புகார் செய்யக் கெடு நாள் உண்டு. எனவே ஒவ்வொரு செலவுக்கும் மின்னஞ்சல் அறிவிப்பு வரும்படி வைத்து, தெரியாத வரி கண்ணில் பட்டதும் ஆப்பில் கார்டை நிறுத்திவிட்டு அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள்.