வேலூர் வெயிலில் கண்ணாடி இழை கான்கிரீட் பலகை வார்ப்பது எப்படி?

வீட்டு முகப்பான எலிவேஷனுக்கும் துளை வேலைப்பாடுள்ள ஜாலிக்கும் இப்போது பலரும் கேட்பது ஜி.ஆர்.சி. எனப்படும் கண்ணாடி இழை கான்கிரீட். இதில் ஜல்லி கிடையாது, கம்பியும் கிடையாது. கம்பி இல்லாததால் அதைத் துருவிலிருந்து காக்க மேலே கான்கிரீட் கனம் (கவர்) விட வேண்டியதில்லை, 15 மி.மீ. கனமே போதும். சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ வரும். 75 மி.மீ. கனத்தில் வார்க்கும் சாதாரணக் கான்கிரீட் பலகை என்றால் 180 கிலோ. பழைய சுவருக்குப் பாரம் அதிகம் ஏற்றாமல் முகப்பை மாற்றலாம், அச்சில் உள்ள பூவேலையும் அப்படியே பதியும். விரிசல் விழுந்தாலும் இழைகள் இழுத்துப் பிடிப்பதால் சட்டென்று இரண்டாக உடையாது.

ஆனால் இது பாரம் தாங்கும் பொருள் அல்ல. லிண்டலிலும் (வாசல், ஜன்னல் மேல் உள்ள தாங்கு கட்டை) பீமிலும் கம்பிக்குப் பதில் இழை போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இழை வாங்கும்போது

பாதித் தவறு கடையிலேயே நடந்துவிடும். தண்ணீர்த் தொட்டி, படகு செய்யும் சாதாரணக் கண்ணாடி இழை மலிவாகக் கிடைக்கும். சிமெண்டின் காரம் அதை மெல்ல அரித்துவிடும். வார்த்த புதிதில் பலகை பலமாகத்தான் இருக்கும். காலப்போக்கில் அப்பளமாக நொறுங்கும். 1960களின் இறுதியில் பிரிட்டனில் ஏ. ஜே. மஜும்தார் என்ற ஆய்வாளர், காரத்தைத் தாங்க வைக்கும் சிர்கோனியா என்ற பொருள் கலந்த இழையை உருவாக்கிய பிறகுதான் இந்தத் தொழிலே நிமிர்ந்தது. பையின் மேல் சிர்கோனியா 16 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நீளம் 12 மி.மீ.

60க்கு 60 செ.மீ. பலகைக்கு அளவு

53 கிரேடு சிமெண்டு 5 கிலோ, 1.18 மி.மீ. சல்லடையில் சலித்த காய்ந்த மணல் 5 கிலோ, தண்ணீர் 1.4 லிட்டர், 50 சதவீதத் திடப்பொருள் உள்ள அக்ரிலிக் பாலிமர் 500 கிராம், தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் 30 கிராம், இழை 290 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுங்கள். சட்டிக் கணக்கு இங்கே உதவாது. எம்-சாண்ட் என்றால் கழுவியதாக இருக்கட்டும், தூசி அதிகமானால் தண்ணீரைக் குடித்துவிடும். தோல் பதனிடும் ஆலைகள் உள்ள ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள், பலகை காய்ந்ததும் வெள்ளையாக உப்பு பூக்கும். குடிநீரே நல்லது.

அச்சு

மைகா ஒட்டிய 19 மி.மீ. பிளைவுட் போதும். மூலைகளில் சிலிக்கான் சீலண்ட் வைத்து விரலால் வழித்துவிடுங்கள். கலவை அச்சில் ஒட்டாமல் இருக்க ஷட்டரிங் ஆயிலைத் துணியால் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்கினால் முகப்பில் கறையும் ஊசித் துளையும் வரும்.

கலவை

தண்ணீர், பாலிமர், பிளாஸ்டிசைசர் மூன்றையும் வாளியில் கலந்து, சிமெண்டையும் மணலையும் சிறிது சிறிதாகச் சேர்த்து, பேடில் பொருத்திய டிரில்லில் கட்டியில்லாமல் கலக்குங்கள். இறுகலாகத் தெரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிசைசரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். சித்திரை, வைகாசி மாதங்களில் காலை எட்டு மணிக்குள் வேலையைத் தொடங்குங்கள்; தண்ணீரின் ஒரு பங்கை ஐஸாகவே நிறுத்துப் போடலாம்.

இழை போடும் முன் 2.4 கிலோ கலவையைத் தனியே எடுத்து வையுங்கள். அது வெளியே தெரியும் முகத்தில் வரும் இழையில்லாத முகப்பூச்சுக்கு. மீதியில் இழையைத் தூவி, மெதுவான வேகத்தில் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் சுற்றினால் கற்றைகள் பிரிந்து பஞ்சு பஞ்சாகச் சுருளும், கலவை கரணைக்கே அடங்காது.

வார்ப்பு

முகப்பூச்சை அச்சினுள் 3 மி.மீ. கனத்துக்குப் பிரஷ்ஷால் தேயுங்கள். விரலால் தொட்டால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் இழைக் கலவையை மேலே வைக்க வேண்டும். முந்திக்கொண்டால் இழை முகப்பில் துருத்தும். பிந்தினால் இரண்டும் ஒட்டாமல் பின்னாளில் படலமாக உரியும். வெயில் காலத்தில் இந்தப் பதம் சீக்கிரம் வந்து போய்விடும், எனவே கடிகாரத்தை விட விரலை நம்புங்கள். பள்ளம் உள்ள ரோலரால் நெடுக்கும் குறுக்குமாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மூலைகளைக் கையாலேயே அமுக்க வேண்டும். 15 மி.மீ.யில் கோடு போட்ட ஆணியைக் குத்திப் பல இடங்களில் கனம் பாருங்கள்.

மூடுவது

முடித்த உடனே பாலிதீன் ஷீட்டால் காற்றுப் புகாமல் மூடி, நிழலில் 24 மணி நேரம் விடுங்கள். பாலிமர் போட்டதால் அதற்குப் பிறகு தண்ணீர் கட்ட வேண்டாம். பாலிமர் இல்லாத கலவைக்கு ஏழு நாள் ஈரம் அவசியம். எந்தக் கலவையானாலும் வார்த்ததும் மூடாமல் திறந்து விட்டால் மத்தியானத்துக்குள் ஏர்கிராக் (மயிரிழை விரிசல்) தெரியும். அச்சிலிருந்து எடுத்த பலகையைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். ஒரு முகம் மட்டும் காய்ந்து வளைந்துவிடும், பிறகு நிமிராது. இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள்.

சுவரில் மாட்டுவது

ஈரத்துக்கும் வெயிலுக்கும் பலகை மீட்டருக்கு 1 மி.மீ.க்கு மேலும் அசையலாம். நான்கு மூலையிலும் இறுக்கிப் போல்ட் அடித்தால் போல்ட்டைச் சுற்றியே வெடிக்கும். துளையை நீள்வாக்கில் விட்டு, துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட்டும் நைலான் வாஷரும் போடுங்கள். பலகைக்குப் பலகை 8 மி.மீ. இடைவெளி விட்டு, அதைச் சிமெண்டால் அடைக்காமல் பாலியூரித்தேன் சீலண்டால் நிரப்புங்கள்.