நடை பழகும் குழந்தைக்கு வாக்கர் வேண்டாம்

எங்கள் பெண்ணுக்கு 14 மாதம் முடிந்தும் நடை வரவில்லை. சோபாவைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் போவாள், கையை எடுத்தால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பையன் 11 மாதத்திலேயே ஓடினானாம்! சரி, உட்காரவைத்து உருட்டும் வாக்கர் வாங்கலாம் என்று கிளம்பினேன். டாக்டர் தடுத்துவிட்டார். அதில் குழந்தை கால்விரலால் உந்திப் போகுமே தவிர, உடம்பைத் தானே தாங்கிப் பழகாது. படியில் உருண்டுவிடும் ஆபத்து வேறு. கனடாவில் 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள்.

பழைய மர நடைவண்டி எவ்வளவோ மேல். நின்று தள்ள வேண்டும், அதனால் கால் பலப்படும். வண்டி முன்னால் ஓடினால், கீழ்ச்சட்டத்தில் இரண்டு கிலோ அரிசிப் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள். அப்புறம், வீட்டுக்குள் சாக்ஸ் வேண்டாம். வழவழ டைல்ஸில் வெறுங்கால்தான் பிடிப்பு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுமார் 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் எப்போது நடந்தாலும் இயல்புதான். 18 தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் பெண் 15-ல் நடந்தாள், பூனையைத் துரத்திக்கொண்டு.