இடுப்பில் முள் குத்தினால் என்ன கோட்?

“இடுப்புல முள்ளு குத்திருச்சிம்மா” என்று பதிவுச் சன்னலில் வந்து நிற்பவரிடம், “எந்த இடம்ணே, கை வச்சிக் காட்டுங்க” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பெல்ட் கட்டும் இடத்தைத் தொடுவார். இன்னொருவர் திரும்பி நின்று புட்டத்தைக் காட்டுவார். வேறொருவர் சிலுவார் பையில் கை விட்டால் விரல் படுமே, அந்தப் பக்கவாட்டு எலும்பைத் தட்டுவார். தமிழில் எல்லாமே இடுப்புதான். ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் கோட் புத்தகத்தில் இவை வேறு வேறு வீடு.

எங்கள் ஊர் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறினாலும் வாயில் வருவது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. பெயர் தென்னை, நட்டது செம்பனை! அதனால் முள் குத்துவது இங்கே புதினம் இல்லை. குலை வெட்டுகிறவர் மழை ஈரத்தில் சறுக்கி, வெட்டி அடுக்கிய மட்டைமேல் பக்கவாட்டில் விழுந்தால் முதலில் மாட்டுவது இடுப்புதான். நான் பகலில் கிளினிக்கில் பதிவு பார்க்கிறேன், இரவில் வீட்டிலிருந்தபடி அமெரிக்க மருத்துவமனைக் கோப்புகளுக்குக் கோடிங் செய்கிறேன், அதாவது டாக்டரின் குறிப்பைப் படித்து அதற்குரிய கோட் போடுகிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: கோட் தப்பாவது பெரும்பாலும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே.

புத்தகத்திலேயே ஒரு குழப்பம் உண்டு. அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். மலேசிய அரசாங்க மருத்துவமனைப் பதிவுகள் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-10ஐப் பின்பற்றுகின்றன. அதில் இடுப்பின் திறந்த காயம் எஸ்71.0. அவ்வளவுதான், வலது இடது கிடையாது. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் அதே எஸ்71.0ஐ ஏழு எழுத்துவரை நீட்டுகிறது. ஆன்லைன் வகுப்புகளில் பலர் படிப்பது இரண்டாவதை. படித்த பழக்கத்தில் உள்ளூர்ப் பாரத்தில் ஏழு எழுத்தை எழுதினாலும் தப்பு, அமெரிக்கக் கோப்பில் நான்கோடு நிறுத்தினாலும் தப்பு. இனி நான் சொல்வதெல்லாம் அந்த நீளமான வடிவத்துக்கு.

சரி, இடத்துக்கு வருவோம். இடுப்பு மூட்டுப் பக்கம் குத்தியிருந்தால் எஸ்71.03. தொடை என்றால் எஸ்71.13. புட்டம் என்றால் எஸ்71 பக்கமே போகக் கூடாது. அது வயிறு, கீழ்முதுகு, இடுப்புக்கூடு சேர்ந்த எஸ்31 வரிசை: வலது புட்டத்தில் பொருள் எதுவும் தங்காத குத்துக்காயம் எஸ்31.813. பெல்ட் கட்டும் இடத்தின் பின்பக்கம், அதாவது கீழ்முதுகு, அதே எஸ்31இல் வேறு எண். டாக்டரின் குறிப்பு மலாயில் இருந்தாலும் நிம்மதி இல்லை. பிங்காங் (இடை), பிங்குல் (இடுப்பு), புங்கோங் (புட்டம்) மூன்றும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி. அவசரமாகக் கிறுக்கினால் கண்ணுக்கும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் கோடர் ஊகிக்கக் கூடாது, எழுதிய டாக்டரிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டே பலர் தப்பு செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அடுத்து, என்ன மாதிரிக் காயம்? குத்துக்காயம் என்பது வாய் சிறுத்து ஆழம் கூடியது. அரிவாள் பட்டுக் கிழித்தது குத்துக்காயம் அல்ல, எஸ்71.01 அல்லது 71.02. நாய்க் கடியில்தான் நான் ஒருமுறை வசமாக மாட்டினேன். நான்கு பல் பதிந்த நான்கு ஓட்டை, டாக்டரும் ஓட்டை என்றே எழுதியிருந்தார். நான் குத்துக்காயம் போட்டேன், தணிக்கையில் திரும்பி வந்தது. கடி என்றால் எஸ்71.05. பல் எவ்வளவு ஆழம் இறங்கினாலும் கடி கடிதான். விஷப் பாம்பு கடித்திருந்தால் விஷத்துக்குரிய டி63க்குப் (T63) போக வேண்டும். ஓட்டையின் அடியில் எலும்பும் உடைந்திருந்தால் அது திறந்த எலும்பு முறிவு, எஸ்72. அந்த முறிவுக்கே இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

முள் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதில்தான் செம்பனை நம்மைச் சோதிக்கும். முள் நுனி உடைந்து சதைக்குள் தங்கிவிடும். எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. முள், மரச்சிராய் போன்றவை சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை, ஸ்கேனில் தெரிய வாய்ப்பு அதிகம். எனவே கோடர் பார்க்க வேண்டியது எக்ஸ்ரே அறிக்கையின் ஒரு வரியை மட்டும் அல்ல, காயத்தைத் திறந்து பார்த்த குறிப்பையும்தான். பொருள் இருந்தால் எஸ்71.04, இல்லையென்றால் எஸ்71.03. “டாக்டர் முள்ளை எடுத்துவிட்டாரே, அப்புறம் எதற்கு 04?” என்று புதியவர்கள் கேட்பார்கள். நோயாளி வரும்போது முள் உள்ளே இருந்தது, அதை எடுக்கத்தான் அந்த வேலையே. ஆகவே 04தான். தோட்டத்திலேயே முழுசாகப் பிடுங்கிவிட்டு வந்தார், உள்ளே எதுவும் இல்லை என்றால் 03. தோலோடு நின்ற சின்னச் சிராய்க்கு இரண்டும் வேண்டாம், எஸ்70.25 இருக்கிறது.

ஆறாவது எழுத்து வலது 1, இடது 2. குறிப்பில் எங்கேயாவது பக்கம் எழுதியிருக்கும், தேடாமல் ‘பக்கம் குறிப்பிடவில்லை’ என்ற 9 போடாதீர்கள்.

ஏழாவது எழுத்தில் ஏ என்றால் முதல் தடவை வந்தவர் என்று நினைப்பது பரவலான தப்பு. காயத்தைக் குணப்படுத்தும் முனைப்பான சிகிச்சை நடக்கும்வரை ஏதான். ஒரு வாரம் கழித்து வேறு மருத்துவமனையில் வெட்டி முள்ளைத் தேடினாலும் ஏ. கட்டு மாற்றவும் தையல் பிரிக்கவும் வந்தால் டி (D). ஆறிய பிறகு தழும்பு தொல்லை கொடுத்தால் எஸ், ஆனால் தழும்பின் கோட் முன்னால், காயத்தின் கோட் பின்னால். சீழ் பிடித்திருந்தால் அந்தத் தொற்றுக்குத் தனிக் கோட்.

எப்படிக் குத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். முள் என்றால் டபிள்யூ60. அதற்குப் பின் மூன்று எக்ஸ் போட்டு ஏழாவது இடத்துக்கு ஏ. எக்ஸை விட்டால் கணினி ஏற்காது. விபத்து நடந்த இடத்துக்கு ஒய்92 வரிசை, சம்பள வேலை என்பதற்கு ஒய்99.0. இந்த ஒய் கோடுகள் இரண்டும் முதல் சந்திப்பில் ஒரு தடவை மட்டும், கட்டு மாற்ற வரும்போதெல்லாம் ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. விபத்து எங்கே, எப்போது, எந்த வேலையில் என்று சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரத்துக்கும் எப்படியும் கேட்டாக வேண்டும், அப்போதே கோப்பிலும் எழுதி வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

எங்கள் கிளினிக்கில் இப்போது பதிவுத் தாளின் பின்பக்கம் ஒரு மனித உருவம் அச்சடித்து வைத்திருக்கிறோம், முன்னும் பின்னும். இடுப்பு என்று சொல்பவரிடம் பேனாவைக் கொடுத்து ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறேன். டாக்டர் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் உறுப்பின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் ஒரு பெரியவர் புள்ளி வைக்க வெட்கப்பட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்து, “நீயே பின்னால போட்டுக்கம்மா” என்றார்.