கால்நடைச் செவிலியர் ஆவது எப்படி? எங்கிருந்து தொடங்குவது?

"எனக்கு நாய், பூனை என்றால் உயிர்." இந்த வேலைக்கு வர நினைக்கும் பலரும் சொல்லும் காரணம் இது. நல்ல காரணம்தான். ஆனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளிக்கு, பொறுமையாகக் கவனிக்கும் கண்தான் முதல் தேவை.

1. முதலில் ஒரு கிளினிக்கிலோ விலங்குக் காப்பகத்திலோ சில வாரம் கூடமாட வேலை செய்யுங்கள். கூண்டு கழுவுவது, கடிக்க வரும் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிப்பது, கருணைக்கொலை நடக்கும் அறையில் அமைதியாக நிற்பது எல்லாம் இந்த வேலையில் உண்டு. மனம் தாங்குகிறதா என்று படிப்பில் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

2. படிப்பு பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு. அமெரிக்காவில் இந்த வேலைக்கு வெட்டரினரி டெக்னீஷியன் என்று பெயர். பணம் கட்டும் முன், நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள்.

3. கணக்கைக் கண்டு ஒதுங்காதீர்கள். 12 கிலோ நாய்க்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதுகிறார். ஆக 60 மில்லிகிராம். மருந்து மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றால், சிரிஞ்சில் ஏற்ற வேண்டியது 1.2 மில்லிலிட்டர். புள்ளி விட்டுப்போனால் 12! பத்து மடங்கு மருந்து. அதனால் இன்னொருவரிடமும் காட்டிச் சரிபார்த்த பிறகே ஊசியை எடுங்கள்.

4. சரி, இன்றைக்கே பழகக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டு நாய் தூங்கும்போது, தொடாமல், விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொட்டால் மூச்சின் வேகம் மாறிவிடும், அதனால் இதுதான் முதலில். தூக்கத்தில் 30-க்குள் இருக்க வேண்டும்.

அப்புறம் பின்னங்கால் தொடையின் உட்புறத்தில் இரண்டு விரலை மெல்ல வைத்து நாடி பாருங்கள். அழுத்தினால் துடிப்பு தெரியாது. 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பெரிய நாய்க்கு ஓய்வில் சுமார் 60 முதல் 100 வரை இருக்கும், சிறிய நாய்க்கு இன்னும் கூடும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகி, விடும்போது தளரும். புதியவர்கள் இதைக் கண்டு பதறுவார்கள். நாய்களுக்கு இது இயல்புதான்.

கடைசியாக ஈறு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதுங்கள்.

பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.