தரவுக் கிடங்கு: சொந்த சர்வரா, கிளவுடா? கடலோர நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், தொண்டி பக்கம் நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் நிறுவனங்களிடம் படகு, எடை, தரம், விலை என்று பல ஆண்டுத் தகவல்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்பதற்கான இடமே தரவுக் கிடங்கு. அதை நம் கட்டடத்திலேயே சொந்த சர்வரில் வைக்கலாம், அல்லது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வேறொருவரின் கணினிகளில், அதாவது கிளவுடில், வைக்கலாம். 'போன மூன்று ஆண்டுகளில் எந்த மாதம் கணவாய்க்கு நல்ல விலை கிடைத்தது?' என்பது அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அதிகாலையில் கரைக்கு வந்த நண்டை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது அதன் வேலை அல்ல. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. இணையம் அறுந்தால் எடை மேடையும் நின்றுபோகும், நண்டு காத்திருக்காது. சீட்டு அங்கேயே உள்ள கணினியில் பதிவாகட்டும். அன்றைய பதிவுகள் இரவில் கிடங்குக்குப் போனால் போதும். இப்படிப் பிரித்துவிட்டால், 'எங்கள் ஊர் இணையத்துக்குக் கிளவுட் சரிப்படாது' என்ற பயத்தில் பாதி குறைந்துவிடும். கணக்குப் போடும் வேலை கிளவுடிலேயே நடக்கிறது, விடை மட்டுமே இங்கே வருகிறது.

சர்வரின் விலையையும் கிளவுடின் மாத வாடகையையும் மட்டும் ஒப்பிடுவது அடுத்த தவறு. உப்புக் காற்று மின்பலகைகளை அரிக்கும். அதனால் வெளிக்காற்று புகாத அறை, குளிர்சாதனம், யுபிஎஸ், பேட்டரி, கவனிக்கத் தெரிந்த ஓர் ஆள் எல்லாம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதும் இந்தச் செலவு நிற்காது.

கிளவுடில் அந்த நாட்களில் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் அது தானாக நடக்காது. ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவுக் கிடங்குச் சேவையில் கணிப்பொறித் திறன் ஓடும் நேரத்துக்கு நொடிக் கணக்கில் கட்டணம். வேலை இல்லாதபோது தானே நிற்கும்படி அமைக்காவிட்டால் பணம் ஓடிக்கொண்டே இருக்கும். கூகுளின் பிக்குவெரி என்ற இதே போன்ற சேவையில், தேவைக்கேற்பக் கட்டும் முறையில், படித்த தரவின் அளவுக்குக் கட்டணம். பத்து வரி மட்டும் காட்டச் சொன்னாலும், சாதாரண அட்டவணை என்றால் கேட்ட நெடுவரிசைகள் முழுவதையும் படித்ததற்கான தொகை விழும். அட்டவணையைத் தேதிவாரியாகப் பிரித்து, வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் கேட்கப் பழகுங்கள். தரவை மொத்தமாக வெளியே எடுக்க என்ன கட்டணம் என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

சில ஜிபி அளவே தரவு உள்ள நிறுவனத்துக்கு இவை எதுவும் வேண்டாம் என்பேன். ஒரு நல்ல கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் போதும்.

எதைத் தேர்ந்தாலும் பேக்கப்பை அதே கட்டடத்தில் வைக்காதீர்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியையே இழந்த கரை இது. ஒரு பிரதி மதுரையிலாவது இருக்கட்டும். அதை வேறொரு கணினியில் ஏற்றி, கடைசியாகப் போட்ட எடைச்சீட்டு வரை வருகிறதா என்று தடைக்காலத்திலேயே பார்த்துவிடுங்கள்.