டெட்லிஃப்ட்: பார் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே நடக்கும் தவறுகள்

தரையில் கிடக்கும் பாரை, அதாவது இரு முனையிலும் எடை கோத்த இரும்புக் கம்பியை, கையால் பிடித்து நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவதுதான் டெட்லிஃப்ட். அதில் முதுகு வளைந்துவிட்டதே என்று தங்கள் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பவர்கள் எடை மேலே ஏறும் நொடியைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். தப்பு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முதலில் நிற்கும் இடம். பாரை விட்டுத் தள்ளி நின்றால் அந்த இடைவெளிக்கான சுமை முழுக்கக் கீழ்முதுகில்தான் இறங்கும். பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கட்டும். நடு என்றால் குனிந்து பார்க்கும்போது தெரிகிற பகுதியின் நடு இல்லை, குதிகாலையும் சேர்த்து மொத்தப் பாதத்தின் நடு. நிமிர்ந்து நிற்கும்போது காலுக்கும் பாருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும்.

அப்புறம் ஸ்குவாட் (குந்தி எழும் பயிற்சி) மாதிரி உட்கார்வது. முழங்கால் பாரை முன்னால் தள்ளும், இழுக்கத் தொடங்கியதும் இடுப்பு மட்டும் விருட்டென்று மேலே போகும், பார் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இடுப்பு எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்!

நான் நெடுநாள் செய்தது இன்னொன்று: கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு படாரென்று இழுப்பது. பாருக்கும் அதில் கோத்திருக்கும் பிளேட்டின் (வட்டமான எடைத் தட்டின்) ஓட்டைக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வயிறு நிறைய மூச்சை இழுத்து இறுக்கி, அக்குளில் எதையோ இடுக்கியதுபோல வைத்துக்கொண்டு, அந்த ஆட்டம் தீர்ந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்வரை மெதுவாக இழுங்கள், அதற்குப் பிறகு காலால் தரையை அழுத்துங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். சின்ன பிளேட் போட்டால் பாரும் தாழ்ந்துவிடும், ஆக எடை குறைவாகத் தூக்குபவர்தான் அதிகமாகக் குனிய வேண்டியிருக்கிறது. அடியில் எதையாவது வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள், வெட்கமே வேண்டாம்.

மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டாம். ஒரு கையை மட்டும் உள்ளங்கை முன்னால் தெரியும்படி திருப்பிப் பிடிப்பவர்கள் அந்த முழங்கையை மடக்கி இழுக்கவே கூடாது, பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) தசைநார் கிழியும் ஆபத்து அங்கேதான். மேலே போனதும் பின்னால் சாய்வதும் தேவையில்லை, நேராக நின்றால் போதும்.

கடைசியாக, பாரைத் தரையில் மோதி அது எம்புவதை வைத்து அடுத்த ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்குவது) எடுப்பது. ஐந்து ரெப் என்றால் ஐந்து தடவையும் பார் தரையில் அசையாமல் நிற்க வேண்டும், மூச்சு, இறுக்கம், அந்த 'டிக்' எல்லாம் முதலிலிருந்து. அப்படி மூன்றுதான் வருகிறதா? சரி, மூன்று என்றே எழுதிவையுங்கள்.