அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்துக் கராத்தே: முதல் பாடங்களை எப்படித் தொடங்குவது?

எட்டு வயது அண்ணன், ஐந்து வயதுத் தங்கை என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒன்றாகக் கராத்தே சொல்லித் தருவதில் குத்தும் உதையும் பெரிய சிரமமில்லை. அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதுதான் சிரமம். வெளிப் பிள்ளைகளிடம் இருக்கும் தயக்கம் இவர்களுக்குள் கிடையாது. காலையில் ரிமோட்டுக்காகப் போட்ட சண்டையின் மிச்சம் மாலைப் பயிற்சியில் வந்து நிற்கும். அதனால் வழக்கமான வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இது அடிப்படை தெரிந்த பெற்றோருக்கும், வகுப்பில் மாஸ்டருக்கு உதவியாக நிற்கும் மூத்த மாணவர்களுக்கும் எழுதியது. ஷோட்டோகான் பாணியை ஒட்டிச் சொல்கிறேன். மற்ற பாணிகளில் நிலைகளும் கட்டாக்களும் (குறித்த வரிசையில் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்கள்) சற்று வேறுபடும்.

படி 1: நிறுத்தப் பழக்குங்கள்

'ஹஜிமே' என்றால் தொடங்கு, 'யாமே' என்றால் நிறுத்து. குத்தக் கற்றுத்தருவதற்கு முன் இந்த இரண்டும் பழக வேண்டும். இருவரையும் ஓடவும் குதிக்கவும் விட்டு, எதிர்பாராத நேரத்தில் 'யாமே' சொல்லுங்கள். தூக்கிய கை தூக்கியபடியே நிற்க வேண்டும். பார்க்க வெறும் விளையாட்டுதான், ஆனால் பின்னால் வரும் பாதுகாப்பு முழுவதும் இதை நம்பித்தான் இருக்கிறது. ஒரே குரலுக்கு இருவரும் நிற்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஆரம்பத்திலும் முடிவிலும் 'ரெய்', அதாவது குனிந்து வணக்கம். உங்களுக்கு ஒன்று, அப்புறம் ஒருவருக்கொருவர் ஒன்று. இரண்டாவதில் சிரிப்பு வரும். வரட்டும்.

வழுக்காத தரை, வெறுங்கால், வெட்டிய நகம், கழற்றிய வளையல். இவ்வளவு போதும், சீருடைக்கு அவசரமில்லை.

படி 2: பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள்

எதிரெதிரே இப்போது வேண்டாம். இருவரும் உங்களைப் பார்த்து, கையை நீட்டினாலும் இடிக்காத இடைவெளியில் நிற்கட்டும். எண்ணும் வேலையைச் சின்னவளிடம் கொடுங்கள்: இச்சி, நி, சான், ஷி, கோ. அவள் எண்ணுக்கு அண்ணன் குத்த வேண்டும் என்றதும் அவளுக்கு வரும் மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! தங்கையைத் திருத்தும் வேலையை மட்டும் பெரியவனிடம் விடாதீர்கள். திருத்துவது உங்கள் வேலை.

படி 3: முஷ்டி

இங்கே அவசரப்படக் கூடாது. கையை விரித்து, நான்கு விரல்களையும் நுனியிலிருந்து மடக்கச் சொல்லுங்கள். மடக்கியதை இன்னொரு முறை உள்ளங்கைக்குள் உருட்டி அழுத்த வேண்டும். கட்டைவிரல் வெளியே வந்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்கே படியும். சின்னக் குழந்தைகள் கட்டைவிரலை உள்ளே ஒளித்துக்கொள்வார்கள். அப்படியே எதையாவது குத்தினால் விரலில் அடிபடும். மூடிய முஷ்டியின் மேல் உங்கள் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கினால் இன்னும் சரியாகவில்லை. படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டிகள் மட்டுமே.

படி 4: குத்து

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நின்றபடி ஒரு கை முன்னே போகும்போது மறு கை இடுப்புக்கு இழுபட வேண்டும். இந்த இழுப்பைத்தான் எல்லாக் குழந்தைகளும் மறப்பார்கள். முன்னே போகும் கையைப் பற்றிப் பேசாமல், "இடுப்புக் கை எங்கே?" என்று மட்டும் கேளுங்கள், குத்து தானாகவே திருந்தும். முழங்கையை வெடுக்கென்று முழுக்க நீட்டி உதற விடாதீர்கள், மூட்டு வலிக்கும்.

அடுத்து, பழைய செய்தித்தாள் ஒன்றை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தாளில் படாமல் எவ்வளவு கிட்டத்தில் முஷ்டியை நிறுத்துகிறார்கள் என்பதே போட்டி. வலிமையில் பெரியவன் எப்போதும் ஜெயிப்பான், இதில் அப்படியில்லை. மெதுவாகவும் கவனமாகவும் செய்யும் சின்னவள் பல நேரம் முந்திவிடுவாள். கூடப்பிறந்தவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

படி 5: உதை

'மே கேரி', முன் உதை. முழங்காலைத் தூக்கு, நீட்டு, மடக்கு, கீழே வை. நான்கு எண்ணிக்கை. கால்விரல்களைப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும். உயரம் இடுப்புவரை போதும். சமநிலை வரும்வரை ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

படி 6: ஒரே கட்டா, இரண்டு அளவு

'தைக்யோகு ஷோதான்' இதற்கு வசதியானது. மொத்தம் 20 அசைவுகள். ஒரே நிலை, ஒரே தடுப்பு, ஒரே குத்து, மீதி எல்லாம் திரும்புவதுதான். சின்னவளுக்கு முதல் நான்கு அசைவுகள் போதும்: இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு அடி வைத்துக் குத்து, முழுதாகப் பின்னால் திரும்பி மறுபடி தடுப்பு, குத்து. பெரியவன் தொடர்ந்து நடுக்கோட்டில் மூன்று குத்துகளும் போடட்டும். மூன்றாவதில் 'கியாய்' சத்தம். அந்தச் சத்தத்தை மட்டும் சின்னவளும் சேர்ந்து போடலாம், விடமாட்டாள்!

ஐந்து வயதுக்கு இருபது நிமிடம் தாண்டினால் கவனம் போய்விடும். அவளை உட்காரவைத்துவிட்டு அண்ணனுக்குத் தொடருங்கள். "அண்ணனைப் பார், எவ்வளவு அழகாகச் செய்கிறான்" என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். போன வாரத்து அவளோடு மட்டும் அவளை ஒப்பிடுங்கள்.

படி 7: எதிரெதிரே

சில வாரங்கள் போகட்டும். முதலில் ஒவ்வொருவருக்கும் நீங்களே ஜோடி. பிறகுதான் அண்ணனும் தங்கையும். இருவரும் கை நீட்டினால் முஷ்டிகள் தொட்டும் தொடாமலும் இருக்கும் தூரத்தில் நிற்கட்டும். மெதுவாக ஒரு குத்து, மெதுவாக ஒரு தடுப்பு, உடனே வேலை மாற்றம். முகத்தை நோக்கி எதுவும் கூடாது. யார் கை பட்டாலும், வேண்டுமென்றாலும் தவறுதலாக என்றாலும், அன்றைக்கு ஜோடிப் பயிற்சி இருவருக்கும் நிற்கும். யார் மீது தப்பு என்ற விசாரணை வேண்டாம், அதற்குள் இறங்கினால் நேரம் அதிலேயே போய்விடும். இருவரையும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கட்டாவைத் தொடரச் சொல்லுங்கள்.